கூந்தலின் பளபளப்பும் சிறுநீரகத்தின் நலமும்

கூந்தலின் மணம் இயற்கையிலேயே அமைந்ததா, பூவும் பூச்சும் சேர்வதால் வருவதா என்ற ஐயம் பாண்டிய மன்னனுக்கு எழுந்த ஊர் இது. தருமி கொண்டுவந்த பாடலும், நக்கீரர் அதில் கண்ட குற்றமும், அவர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்த கதையும் மதுரையில் வளர்ந்த குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். திருவிளையாடற் புராணம் கூறும் அந்த ஐயம் இன்று சற்றே உருமாறி எங்கள் தோல்நோய்ப் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறது. மணத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. பளபளப்பைப் பற்றியே கேட்கின்றனர்.

ஆவணியும் தையும் நெருங்கும்போது இக்கேள்விகள் மிகும். திருமணத்துக்குச் சில வாரங்கள் இருக்கையில் தாயும் மகளும் சேர்ந்து வருவர். “கல்யாணத்துக்குள்ள முடி பட்டு மாதிரி ஆகணும் டாக்டரம்மா, எதைத் தேய்க்கலாம்?” என்று தாய் கேட்பார். முட்டை, வடிகஞ்சி, பீர், மயோனைஸ், துணிக்குப் போடும் மென்மையூட்டி எனத் தாம் கேள்விப்பட்டவற்றை எல்லாம் மகள் வரிசையாகச் சொல்வார். அழகு நிலையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குச் செய்யும் ‘ஸ்மூத்தனிங்’ பற்றி இருவரும் கடைசியில்தான் வாய் திறப்பர். எங்களுக்குக் கவலை தருவதோ அந்தக் கடைசிக் கேள்விதான். முன்னவற்றுள் பெரும்பாலானவை வீண் செலவு அல்லது சிறு தொல்லை. கடைசியாகச் சொல்லப்படுவது சிலரைச் சிறுநீரகப் பிரிவுக்குக் கொண்டுசேர்த்துள்ளது.

முடியின் புறவுறை

கண்ணால் நாம் காணும் முடி உயிரற்றது. உயிருள்ள பகுதி, தலைத்தோலுக்குள் புதைந்திருக்கும் வேர்ப்பகுதி மட்டுமே. தோலுக்கு வெளியே வந்துவிட்ட இழைக்கு நரம்பும் இரத்த ஓட்டமும் இல்லை. ஆகவே அதற்கு உணவு ஊட்டவும் இயலாது, அது தானாகப் புண் ஆற்றிக்கொள்ளவும் இயலாது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. இரண்டடிக் கூந்தல் உள்ள ஒரு பெண்ணின் முடிநுனி, ஐந்தாண்டுகளுக்கு முன் தலைத்தோலை விட்டு வெளிவந்தது. ஐந்து கோடைகளின் வெயிலையும், ஆயிரக்கணக்கான முறை சீவிய சீப்பின் உராய்வையும் அந்த நுனி தாங்கி நிற்கிறது.

இழையின் வெளிப்புறத்தில் ஓட்டு வீட்டின் கூரையைப் போல, ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில்கள் பல அடுக்காக அமைந்துள்ளன. அவற்றின் மேல் இயற்கையான ஒரு கொழுப்புப் படலமும் உண்டு. செதில்கள் படிந்து கிடந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பி வரும். முடி பளபளக்கும், விரலுக்கு வழுக்கும். செதில்கள் எழும்பினாலோ உதிர்ந்தாலோ ஒளி சிதறும். முடி மங்கும், ஒன்றோடொன்று சிக்கும். சுருள் முடி இயல்பாகவே நேர்முடியை விடக் குறைவாக ஒளிரும். அது நோயன்று, வடிவத்தின் விளைவு. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது என்பது எங்கள் அனுபவம்.

ஆகவே பளபளப்புக்காகச் செய்யப்படும் எதுவும் மூன்றில் ஒன்றையே செய்ய முடியும். செதில்களின்மேல் ஒரு படலத்தைப் பூசலாம். செதில்கள் எழும்பாமல் காக்கலாம். அல்லது இழையின் உட்பிணைப்பையே வேதிப்பொருளாலும் சூட்டாலும் மாற்றலாம். முதல் இரண்டும் இழையோடு நின்றுவிடும். மூன்றாவதற்கு வலுவான வேதிப்பொருள் தேவை; அதைத் தடவும்போது தலைத்தோலிலும் படுகிறது. தலைத்தோலோ உயிருள்ளது, மயிர்க்கால்கள் நிறைந்தது, இரத்த ஓட்டம் மிகுந்தது. அங்கே தடவிய பொருளில் ஒரு பங்கு உடலுக்குள்ளும் செல்லக்கூடும்.

அடுப்படியில் உள்ளவை

வடிகஞ்சி நம் பாட்டிமார் அறிந்த பொருள். சீயக்காய்த் தூளைக் கஞ்சியில் கரைத்துத் தேய்க்கும் வழக்கம் இப்பக்கத்துக் கிராமங்களில் இன்றும் மறையவில்லை. கஞ்சியின் மாச்சத்து இழைமேல் மெல்லிய படலமாகப் படிகிறது. சீப்பு எளிதாக இறங்குகிறது. வெந்தயம், செம்பருத்தி இலை, சோற்றுக் கற்றாழை ஆகியவற்றின் வழவழப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. இவை முடியை வளர்க்கும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அடுத்த குளியல் வரை வழவழப்பைத் தரும் என்று சொல்வோம். நன்றாக அலசாவிடில் கஞ்சி காய்ந்து வெள்ளைத் துகளாக உதிரும். அதைப் பொடுகு என்று எண்ணி மருந்து கேட்டு வருவோரும் உண்டு!

வெந்தயத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பொடுகுக்காக வெந்தய விழுதைத் தலையில் பூசிய ஆஸ்துமா நோயாளி ஒருவருக்குத் தலை மரத்து, முகம் வீங்கி, மூச்சிரைப்பும் வந்ததை மும்பை மருத்துவர்கள் 1997-இல் ஒவ்வாமை மருத்துவ இதழ் ஒன்றில் பதிவு செய்தனர். இது அரிது, ஆனால் வேர்க்கடலை, கொண்டைக்கடலை போன்ற பயறு வகைகள் ஒத்துக்கொள்ளாதோர் வெந்தயத்திலும் கவனமாக இருக்கவேண்டும். எந்தப் புதிய பொருளானாலும் காதுக்குப் பின்புறம் ஒரு சிறு பொட்டளவு தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலையில் தேய்ப்பது நல்லது.

முட்டையின் புரத மூலக்கூறு மிகப் பெரியது. அது இழைக்குள் புகாது. மேலே காய்ந்து நின்று, அலசும்போது போய்விடும். வெந்நீர் ஊற்றினால் தலையிலேயே வெந்து துணுக்குத் துணுக்காக ஒட்டிக்கொள்ளும். இது வெறும் நகைச்சுவைக்கு உரியது. பச்சை முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமியோ நகைச்சுவைக்கு உரியதன்று. பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்ததை வாசகர்கள் நினைவில் கொண்டிருப்பர். உண்பதற்கு ஆகாது என்று விலக்கப்பட்ட பொருளைத் தலையில் பூசிக்கொண்டு, அதே கையால் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது முறையாகாது. வீட்டில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவரோ, உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவரோ இருந்தால் முட்டை வைத்தியத்தை முற்றிலும் தவிர்க்க வேண்டுகிறோம்.

தேங்காய் எண்ணெய்க்கு நல்ல சான்று உண்டு. ரேலே, மோகிலே என்னும் இந்திய ஆய்வாளர் இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். முடியிலிருந்து புரதம் கழிந்து வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது. அதில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. ஆதலால் இழைக்குள் புகுகிறது. மற்றவை மேலேயே நின்றுவிடுகின்றன. குளிப்பதற்கு முன் சிறிதளவு தடவுவதே போதும். பொடுகும் எண்ணெய்ப் பிசுக்கும் உடையோர் தலைத்தோலில் எண்ணெயை ஊறவைத்தல் கூடாது. பொடுகுக்குத் துணைபோகும் பூஞ்சை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை உண்டே பெருகுகிறது. அவர்கள் இழையின் கீழ்ப்பாதியில் மட்டும் தடவிக்கொள்ளலாம். எண்ணெயில் கற்பூரம் கரைத்துக் கைக்குழந்தையின் தலையில் தேய்க்கும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கவல்லது.

அரப்புத் தூள் மதுரை மேற்குப் பகுதியினருக்குப் புதிதன்று. அது உசிலை மரத்தின் இலை. உசிலம்பட்டி அம்மரத்தால் பெயர் பெற்றது என்பர். அரப்பும் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இயற்கையாக நுரைக்கும் பொருள்களைக் கொண்டவை, எண்ணெயை அகற்றும். ஆனால் கரடுமுரடாக அரைத்த தூளை அழுத்தித் தேய்த்தால் செதில்கள் சிராய்ந்துபோகும். துணியில் சலித்து, நீரில் ஊறவைத்து, வடிகட்டிய சாற்றைப் பயன்படுத்துக. கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அது நம் அனைவருக்கும் குழந்தைப் பருவத்திலேயே கற்பிக்கப்பட்ட பாடம்.

தண்ணீரைப் பற்றிக் கேட்காத நோயாளி இல்லை. மதுரையில் குழாய்வழிக் குடிநீர் வரும் தெருவும் உண்டு, ஆழ்துளைக் கிணற்று உப்புநீரே கதியான புறநகரும் உண்டு. உப்புநீரால்தான் முடி போயிற்று என்று பலர் உறுதியாக நம்புகின்றனர். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவமனையின் தோல் மருத்துவர்கள் 2013-இல் இதைச் சோதித்தனர். 15 பெண்களின் முடியை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கைக் கடின நீரிலும் மற்றொன்றைக் காய்ச்சி வடித்த நீரிலும் ஒன்றுவிட்டு ஒருநாள் 10 நிமிடம் என 30 நாள் நனைத்துப் பார்த்தனர். முடியின் வலிமையிலும் நீட்சித்தன்மையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கடின நீரில் சோப்பு சரியாக நுரைக்காது. அதன் படிவு முடியில் ஒட்டிக்கொள்ளும். முடி சொரசொரப்பாகத் தோன்றும். சோப்புக்கட்டியை விட்டு ஷாம்புவுக்கு மாறி, கடைசி ஒரு குவளைக்கு மட்டும் நல்ல நீர் எடுத்து அலசினால் பெரும்பாலும் போதும். குடிநீர் சுத்திகரிப்பு எந்திரத்தைக் குளியலறையில் பொருத்தக் கடன் வாங்க வேண்டியதில்லை.

துணி துவைக்கும் கல்லருகே உள்ளவை

சமையல் சோடாவின் காரத்தன்மை 8-க்கு மேல். தலைத்தோலின் இயல்பு ஏறத்தாழ 5.5; முடியிழையின் இயல்பு அதனினும் அமிலம் மிகுந்தது. காரம் பட்டால் செதில்கள் எழும்பும். சோடா போட்டுக் குளித்த அன்று தலை ‘சுத்தமாக’ இருப்பதாகத் தோன்றும். சில வாரங்களில் முடி வைக்கோலாகும். எலுமிச்சை இதற்கு நேர்மாறு. நீர் கலந்த சில துளிகள் தீங்கு செய்யா. ஆனால் சாற்றை அப்படியே தேய்த்துக்கொண்டு வெயிலில் சென்றால், சாறு வழிந்த நெற்றியிலும் கழுத்திலும் கொப்புளம் எழுந்து, பின் கருந்தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும். மதுரை வெயிலுக்கு இதைச் செய்ய நீண்ட நேரம் வேண்டாம்.

துணிக்கு ஊற்றும் மென்மையூட்டி ஏன் முடியையும் மென்மையாக்குகிறது என்று ஒரு கல்லூரி மாணவி எங்களிடம் கேட்டார். நல்ல கேள்வி. முடிக்குப் பயன்படும் கண்டிஷனரும் துணி மென்மையூட்டியும் ஒரே வேதிக் குடும்பத்தின் பொருள்களைக் கொண்டவை; நேர்மின்னூட்டம் பெற்ற அப்பொருள்கள், எதிர்மின்னூட்டம் கொண்ட இழையில் ஒட்டிக்கொள்கின்றன. வேறுபாடு செறிவிலும் சேர்க்கைப் பொருள்களிலும் உள்ளது. துணிக்கானதில் உள்ள வாசனைப்பொருளும் காப்புப்பொருளும் தோலில் படுவதற்கென்று சோதிக்கப்பட்டவை அல்ல. அதன் பயனை எல்லாம் சில ரூபாய் பாக்கெட்டில் கிடைக்கும் கண்டிஷனரே தருகிறது. எனவே அந்தப் பரிசோதனைக்குத் தேவையே இல்லை. இஸ்திரிப் பெட்டியால் முடியைத் தேய்ப்பதும் அவ்வாறே. ஈரமுடியின் மேல் 125 பாகை செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் பட்டாலே இழைக்குள் உள்ள நீர் கொதித்துக் குமிழாகும்; அந்த இடத்தில் இழை ஒடியும்.

விளக்கெண்ணெயும் படுக்கையில் இருப்போரும்

விளக்கெண்ணெய் தலைக்குக் குளிர்ச்சி என்பது நம் நம்பிக்கை. தீங்கற்ற பொருள்தான், ஆனால் மிகக் கெட்டியானது. நீண்ட கூந்தல் உடைய 20 வயதுப் பெண் ஒருவர் விளக்கெண்ணெய் தேய்த்துத் தலை குளித்ததும், முடி முழுவதும் முறுக்கிப் பிணைந்து பறவைக்கூடு போன்ற இறுகிய கட்டியான நிகழ்வை, நம் நாட்டு மருத்துவர்கள் 2017-இல் ‘இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ட்ரைக்காலஜி’ என்னும் முடியியல் இதழில் வெளியிட்டனர். அந்தச் சிக்கைப் பிரிக்க இயலவில்லை, கத்தரித்து எடுக்கவேண்டியதாயிற்று. கெட்டி எண்ணெய், நீண்ட முடி, உச்சியில் குவித்துத் தேய்த்தல் ஆகியன சேர்ந்தால் கம்பளி இறுகுவதுபோல் முடி இறுகும்.

இந்நிகழ்வை இங்கே நீட்டிச் சொல்வதற்குக் காரணம், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினர் இதைப் படிக்கின்றனர் என்பதே. பக்கவாதத்தாலோ எலும்பு முறிவாலோ பல வாரம் படுத்திருக்கும் மூதாட்டியரின் பின்தலை முடி, தலையணையில் உராய்ந்து இதே வகையில் இறுகுகிறது. எண்ணெய் நிறைய ஊற்றினால் அவிழும் என்று எண்ணி விளக்கெண்ணெயை ஊற்றிக் கசக்குவர். அது மேலும் இறுகும். பிறகு, வேறு வழியின்றி, அந்த அம்மையாரைக் கேளாமலே முடியை வெட்டிவிடுவர். பேச இயலாத நோயாளி அன்று முழுவதும் அழுததை எங்கள் செவிலியர் கண்டிருக்கின்றனர். எழுபது ஆண்டு அவர் சீவிப் பின்னிய முடி அது.

செய்யவேண்டியது எளிது. முடியை இரண்டாகப் பகுத்துத் தளர்வான இரு பின்னலாகப் போட்டுத் தோளின் முன்புறம் விடுக. தலையணைக்குப் பழைய பட்டுத்துணியோ வழவழப்பான துணியோ உறையாகட்டும். நாள்தோறும் அகன்ற பல்லுடைய சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுக்கவேண்டும். வேர்ப்பக்கம் தொடங்கி இழுத்தல் கூடாது. தலை அலசும்போது முடியை உச்சியில் குவித்துக் கசக்காமல், கட்டிலின் தலைமாட்டுக்கு வெளியே தொங்கவிட்டு நீரைக் கீழ்நோக்கி ஓடவிடுக. அலசுவதற்கு முன்னரே சிக்கெடுத்துவிடவேண்டும். எண்ணெய் தேவையெனில் தேங்காய் எண்ணெய் சில துளி போதும். ஏற்கெனவே இறுகத் தொடங்கிய முடிக்குக் கண்டிஷனரும் சிறிது தேங்காய் எண்ணெயும் இட்டு, விரல்களால் ஓரத்திலிருந்து இழை இழையாகப் பிரிக்கவேண்டும். ஒரே நாளில் முடியாது. மூன்று நான்கு நாள் ஆகலாம். வெட்டித்தான் தீரவேண்டும் என்றால் நோயாளியிடம் சொல்லி, அவர் தலையசைப்பையேனும் பெற்றபின் வெட்டுக. பின்தலைத் தோலில் படுக்கைப்புண் உள்ளதா என்பதையும் அப்போது பாருங்கள். முடிக்கட்டி அதை மறைத்திருக்கும்.

அழகு நிலையத்தின் அமிலம்

இனி, கடைசியாகக் கேட்கப்படும் கேள்விக்கு வருகிறோம். ஸ்ட்ரெய்ட்டனிங், ஸ்மூத்தனிங், கெரட்டின், ஹேர் பொடாக்ஸ், நானோபிளாஸ்டியா எனப் பல பெயர்களில் செய்யப்படும் முறைகள் பலவற்றில், ஒரு பூச்சைத் தலைமுடியில் தடவி ஊறவைத்து, பின் சூடான தகட்டால் இழை இழையாக அழுத்துகின்றனர். பெயரில் கெரட்டின் இருப்பதால் அது முடிக்கு உணவு என்று மக்கள் நினைக்கின்றனர். முடியை நேராக்குவது அங்குள்ள அமிலமோ ஆல்டிஹைடோதான்.

முதலில் பரவியவை ஃபார்மால்டிஹைடு கொண்டவை. பிணவறையில் உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலினின் மூலப்பொருள் இது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. பூச்சைச் சூடாக்கும்போது எழும் ஆவியால் கண் எரிந்து, தொண்டை கமறினால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வெளியே வரவேண்டும். நாள்தோறும் பத்துத் தலைக்கு இதைச் செய்யும் அழகுக்கலைப் பணியாளர்களை நினைத்துப் பாருங்கள். எங்களிடம் இருமலோடு வரும் அவர்களுள் சிலர் தம் தொழிலைச் சொல்வதே இல்லை.

இப்பொருளுக்கு எதிர்ப்பு எழுந்தபின் ‘ஃபார்மால்டிஹைடு இல்லாதது’ என்ற அட்டையோடு வந்தவற்றுள் பலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இடம்பெற்றது. இதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

இஸ்ரேல் நாட்டுச் சிறுநீரக மருத்துவர்கள், முடியை நேராக்கிக்கொண்டபின் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்போடு வந்த 26 பேரின் விவரங்களைத் தொகுத்து 2023-இல் வெளியிட்டனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். முன்னர் நலமாக இருந்தவர்கள். வாந்தியும் வயிற்றுவலியும் அவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தன. சிலருக்குத் தலைத்தோலில் தடிப்பும் இருந்தது. மூவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தோருள் பெரும்பாலோரிடம் நுண்குழாய்களில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் காணப்பட்டன. இருவர் குணமாகி, மீண்டும் முடியை நேராக்கிக்கொண்டு, மீண்டும் அதே நோயோடு வந்தனர்.

2024 மார்ச்சில் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ வெளியிட்ட பிரெஞ்சு மருத்துவர்களின் மடல் இன்னும் தெளிவானது. 26 வயதுப் பெண் ஒருவர் 2020 ஜூன், 2021 ஏப்ரல், 2022 ஜூலை என மூன்று முறை துனீசியாவில் முடியை நேராக்கிக்கொண்டார். மூன்று முறையும் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முதுகுவலி. மூன்று முறையும் இரத்தத்தில் கிரியேட்டினின் உயர்ந்தது. பூச்சு தடவும்போது தலைத்தோல் எரிந்ததாகவும் புண்ணானதாகவும் அவர் சொன்னார். அந்தப் பூச்சில் 10 சதவீதம் கிளையாக்சிலிக் அமிலம் இருந்தது. மருத்துவர்கள் அதே பூச்சை எலிகளின் முதுகுத் தோலில் தடவினர். ஒப்பீட்டுக்காக வேறு எலிகளுக்கு வாசலின் தடவினர். பூச்சு பெற்ற எலிகளின் சிறுநீரில் ஆக்சலேட் படிகங்களும் சிறுநீரகங்களில் கால்சியப் படிவுகளும் காணப்பட்டன. வாசலின் பெற்றவை நலமாக இருந்தன.

நிகழ்வது இதுதான். அமிலம் தலைத்தோல் வழியே, குறிப்பாக எரிந்து புண்ணான தோல் வழியே, இரத்தத்தில் கலக்கிறது. உடல் அதை ஆக்சலேட்டாக மாற்றுகிறது. சிறுநீரகக் கல் உடையோர் நன்கறிந்த அதே ஆக்சலேட். அது கால்சியத்தோடு சேர்ந்து ஊசி போன்ற படிகங்களாகி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துக் காயப்படுத்துகிறது. கல் உருவாக மாதங்கள் ஆகலாம். இது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ நிகழ்ந்துவிடும். பலர் முழுமையாகக் குணமடைகின்றனர் என்பது ஆறுதல். ஆனால் காரணத்தை யாரும் கண்டறியாவிடில் அவர்கள் அடுத்த ஆண்டும் அதே நாற்காலியில் சென்று அமர்வர்.

எனவே முடியை நேராக்கிக்கொண்ட சில நாள்களுக்குள் வாந்தி, இடுப்புக்கு மேல் முதுகின் இருபுறமும் வலி, சிறுநீர் குறைதல், முகமோ காலோ வீங்குதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டிலிருக்காதீர்கள். உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சென்று, “தலைக்கு இதைச் செய்துகொண்டேன்” என்று முதலிலேயே சொல்லுங்கள். எங்கள் அவசரப் பிரிவு மருத்துவர்கள் வாந்தியோடு வரும் பெண்ணிடம் ஹோட்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பர். அழகு நிலையத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றாமல் போகலாம். கிரியேட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை ஆகிய இரண்டும் எளியவை. வலிக்காக நீங்களே கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கவேண்டாம். அவற்றுள் பல, காயப்பட்ட சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

செய்துகொள்ளவே கூடாதவர் யார்? சிறுநீரக நோய் உள்ளவர், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர், ஒற்றைச் சிறுநீரகம் உடையவர், கருவுற்றவர், பாலூட்டும் தாய், தலைத்தோலில் புண்ணோ சொறியோ உள்ளவர், பள்ளிச் சிறுமியர். கீமோதெரபி முடிந்து புதிதாக முடி வளரத் தொடங்கியவர்கள் குறைந்தது ஆறு மாதமேனும் சாயத்தையும் நேராக்கலையும் தள்ளிவையுங்கள். முன்பு நேராக இருந்த முடி இப்போது சுருண்டு வளரக்கூடும். பெரும்பாலும் காலப்போக்கில் இயல்புக்குத் திரும்பும். மற்றவர்கள் செய்துகொண்டே தீரவேண்டும் என்றால் அடைப்பட்டியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கிளையாக்சிலிக் ஆசிட், கிளையாக்சிலோயில் கார்போசிஸ்டீன், ஃபார்மால்டிஹைடு, மெத்திலீன் கிளைக்கால் என்ற பெயர்கள் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அடைப்பட்டியே இல்லாத வெள்ளை டப்பாவிலிருந்து எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மணப்பெண்ணின் தாய்க்கு நாங்கள் தரும் விடை அவருக்கு ஏமாற்றமாகவே இருக்கும். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய், மென்மையான ஷாம்பு, கண்டிஷனர், நுனியில் பிளந்த ஓரங்குலத்தை வெட்டிவிடுதல், திருமண நாளன்று நுனிகளில் இரண்டு துளி சிலிகோன் சீரம். இவ்வளவே. மல்லிகைச் சரம் சூடியபின் எவர் கண்ணும் செதில்களை எண்ணப்போவதில்லை.

மங்கிய முடி சொல்லும் செய்தி

சில வேளைகளில் பளபளப்பு போனதே நோயின் அறிகுறியாக இருக்கும். முடி சில மாதங்களில் வறண்டு சொரசொரப்பாகி, உடல் எடை கூடி, குளிர் தாங்காமல், மலச்சிக்கலும் சேர்ந்தால் தைராய்டு சுரப்பைப் பார்க்கவேண்டும். மாதவிலக்கில் மிகுதியாக உதிரம் போகும் பெண்ணுக்கு முடி கொட்டினால் இரும்புச்சத்தைப் பார்க்கவேண்டும். டெங்கு போன்ற கடுங்காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்வது தானே நின்றுவிடும். இவர்களுக்கு வடிகஞ்சியும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். ஓர் இரத்தப் பரிசோதனையும் சில மாதப் பொறுமையும் வேண்டும்.

எங்கள் பிரிவுக்கு வரும்போது தலையில் தேய்க்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்: எண்ணெய்ப் புட்டி, பொடி, சாயம், அழகு நிலையத்தில் தந்த ரசீது, எதுவானாலும். அங்கே பயன்படுத்திய டப்பாவின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்திருந்தால் இன்னும் நல்லது. வரும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள். தலைத்தோலை நாங்கள் பார்க்கவேண்டும்.